சாவி கைக்கு வரும்வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வாடகை வீடு பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த மாதம் சமையல் கேள்விகளும் புரட்டாசி விரதக் கேள்விகளும் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும், வீட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில், லாபநோக்கம் இல்லாத ஒரு வாடகை வீட்டு நிறுவனத்தில் 19 வருடம் வேலை பார்த்தேன். விண்ணப்பம் வாங்கியதும் நான்தான், சாவி கொடுத்ததும் நான்தான், வாடகை பாக்கிக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் இந்த விஷயம் என்னை விடவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அன்புள்ள ஆன்ட்டி, நாங்கள் சாட்ஸ்வர்த்தில் ஒரு அவுட்பில்டிங்கில், அதாவது ஒரு வீட்டின் பின்கட்டு அறையில், குடியிருக்கிறோம். ஒரே அறை, மூலையில் அடுப்பு. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். வீட்டுக்காரர் துணி ஃபேக்டரியில் இருக்கிறார். நான் வாரத்தில் நாலு நாள் கடையில் கேஷியர். இரண்டு சம்பளமும் சேர்ந்து மாதம் 9,600 ராண்ட் வரும். வாடகை 4,000, லைட்டும் தண்ணியும் தனி. கோயிலில் ஒரு அக்கா "சோஷியல் ஹவுசிங் என்று ஒன்று இருக்கிறது, போய் எழுதிப்போடு" என்கிறார். என் நாத்தனாரோ "அது அரசாங்க வீடு, நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்" என்கிறாள். யார் சொல்வது சரி? கிடைத்தால் ஒரு நாள் அது எங்களுக்குச் சொந்தமாகுமா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: தங்கச்சி, கோயில் அக்கா சொன்னபடி செய்யுங்கள். உங்கள் நாத்தனார் மேலும் கோபப்படாதீர்கள். இந்த நாட்டில் வீட்டுக்கு மூன்று வெவ்வேறு வாசல்கள் இருக்கின்றன, அவர் மூன்றையும் ஒன்றாக நினைத்துவிட்டார்.

முதல் வாசல், எல்லோரும் ஆர்டிபி வீடு என்று சொல்லும் இலவச வீடு. குடும்ப வருமானம் மாதம் 3,500 ராண்டுக்கு மேல் போகாதவர்களுக்கு அரசு கட்டிக் கொடுப்பது. உங்கள் வருமானம் அதைத் தாண்டிவிட்டது. இரண்டாவது, முதல்முறையாக வீடு வாங்குகிறவர்களுக்கு அரசு தரும் மானியம். முன்பு ஃபிலிஸ்ப் என்றார்கள், இப்போது அதன் பெயர் ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ். 3,501 முதல் 22,000 ராண்ட் வரை வருமானம் உள்ளவர்களுக்கு உண்டு. ஆனால் மீதிப் பணத்துக்கு வங்கிக் கடனோ வேறு வழியோ நீங்கள்தான் தேட வேண்டும். ஒரு அறைக்கு 4,000 கொடுத்துக்கொண்டே அதற்குச் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு உரியது மூன்றாவது வாசல். சோஷியல் ஹவுசிங் என்பது வாடகை வீடு. 2008-இல் வந்த சமூக வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் நடப்பது. கட்டுவதற்கான பணத்தில் ஒரு பங்கை அரசு மானியமாகத் தரும். கட்டி, வாடகைக்கு விட்டு, பழுதுபார்த்து, பல வருடம் நிர்வாகம் செய்வது பெரும்பாலும் எங்களைப் போன்ற லாபநோக்கம் இல்லாத நிறுவனங்கள். அவற்றை மேற்பார்வை பார்க்க சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது, ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஷ்ரா என்பார்கள். எந்த நிறுவனத்துக்குப் போவதாக இருந்தாலும் அதற்கு ஷ்ராவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் மாகாணத்தில் சீ கவ் லேக் பக்கம் லேக்ஹேவன், ஹிலரியில் வேலி வியூ, கேட்டோ மேனரில் ஷயமோயா என்று இப்படிப்பட்ட குடியிருப்புகளை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பார்த்தால் யாரோ பணக்காரர்களின் ஃபிளாட் போலத்தான் இருக்கும். சுற்றுச்சுவர், வாசலில் காவலாளி, நடுவில் பிள்ளைகள் விளையாட இடம்.

கேட்டோ மேனர் என்று எழுதும்போது என் கை ஒரு நிமிடம் நிற்கிறது. 1958-இல் நிறவெறி அரசு அந்த இடத்தை வெள்ளையர்களுக்கு என்று அறிவித்தது. காய்கறித் தோட்டமும் தகரக் கோயிலுமாக இருந்த நம் ஜனங்களை எல்லாம் வாரி சாட்ஸ்வர்த்தில் கொட்டினார்கள். நாங்கள் கேட்டோ மேனர் இல்லை, மேகசின் பாரக்ஸ். என் அப்பா மாநகராட்சிக் குப்பை வண்டியில் வேலை பார்த்தார், அந்த வேலையோடு வந்த அறை அது. எட்டுப் பேர் ஒரே அறையில் படுப்போம். குழாய்க்கும் கழிப்பறைக்கும் வரிசை. 1960-களில் எங்களையும் லாரியில் ஏற்றி சாட்ஸ்வர்த் யூனிட் 3-இல் இறக்கினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா முதலில் இறக்கி வைத்தது காமாட்சி விளக்கையும் அம்மிக்கல்லையும். எங்கள் வீட்டுக்கென்று சொந்தக் கழிப்பறை இருந்தது, அதை நினைத்து அம்மா சந்தோஷப்பட்டாள். ஆனால் அப்பா டவுனுக்கு வேலைக்குப் போக விடியுமுன் கிளம்ப வேண்டியதாயிற்று. பகலில் அவர் முகத்தை நாங்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வீடு எங்கே இருக்கிறது என்பது எத்தனை பெரிய விஷயம் என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அதனால்தான் இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கண்ட இடத்தில் கட்ட மானியம் கிடைக்காது. மாநகராட்சி குறித்துக் கொடுத்த பகுதிக்குள், வேலைக்கும் பள்ளிக்கும் டாக்ஸி ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் கட்ட வேண்டும். எங்களை வெளியே தள்ளிய நகரத்துக்குள் எங்கள் பேரப்பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவரும் வேலை அது.

இனி உங்கள் கணக்கு. 2023 ஏப்ரல் முதல், குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 1,850 முதல் 22,000 ராண்ட் வரை இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதில் 6,700 வரை வாங்குகிறவர்கள் ஒரு பிரிவு, அதற்கு மேல் இன்னொரு பிரிவு. ஒவ்வொரு குடியிருப்பிலும் குறைந்தது 30 விழுக்காடு வீடுகள் முதல் பிரிவுக்கு ஒதுக்கப்பட வேண்டும். நீங்கள் இரண்டாவது பிரிவு. வாடகை, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. 9,600-இல் மூன்றில் ஒரு பங்கு 3,200. இப்போது ஒரே அறைக்குக் கொடுப்பதைவிட 800 ராண்ட் குறைவு. பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஷூ வாங்கவும் மாமியாரின் மருந்துக்கும் அந்த 800 என்ன செய்யும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நீங்கள் இந்த நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவராக இருக்க வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். வேறு வீடு உங்கள் பெயரில் இருக்கக் கூடாது, இதற்குமுன் அரசு வீட்டு மானியம் வாங்கியிருக்கவும் கூடாது. இதையெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பார்கள். ஆகவே எதையும் மறைக்காதீர்கள். மாமியார் பென்ஷன் வாங்கினால் அதையும் எழுதுங்கள், எதைக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் நல்ல குடும்பமும் வரிசையை விட்டு வெளியே போய்விடும். அப்படிப் போன இரண்டு குடும்பங்களை என் கண்ணால் பார்த்தேன், இரண்டிலும் மறைக்கவே தேவையில்லாத தொகை.

காகிதங்களை இன்றைக்கே ஒரு கவரில் போட ஆரம்பியுங்கள். எல்லோருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மூன்று மாத பேஸ்லிப், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம். கோயிலில் தாலி கட்டி ஹோம் அஃபேர்ஸில் பதியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். நீங்களும் அப்படியென்றால் வெட்கப்பட வேண்டாம், சேர்ந்து வாழ்கிறோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் சத்தியக் கடிதம் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கைச் சம்பளம் வாங்குகிறவர்களும் அதையே செய்யலாம். உங்கள் கடன் பதிவையும் பார்ப்பார்கள். துணிக்கடை அக்கவுன்ட்டில் பழைய பாக்கி கிடந்தால் முதலில் அதை முடியுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வீடு உங்களுக்குச் சொந்தமாகாது. சட்டமே அதை வாடகை வீடு என்றுதான் வைத்திருக்கிறது. இதைக் கேட்டதும் எழுந்து போனவர்கள் உண்டு. சொந்த வீடு என்ற ஆசை நம் ரத்தத்தில் ஊறியது, கரும்புத் தோட்டத்துக் கொட்டடியில் இருந்தவர்களின் பிள்ளைகள் நாம். ஆனால் நிலையான வாடகை, மழையில் ஒழுகாத கூரை, நினைத்த நேரத்தில் "காலி பண்ணு" என்று சொல்ல முடியாத ஒப்பந்தம், இந்த மூன்றும் பத்து வருடம் கிடைத்தால் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடும். எங்கள் முதல் கட்டடத்தில் சாவி வாங்கிய பெண் ஒருத்தி, வாடகையில் மிச்சம் பிடித்ததை மாதாமாதம் சீட்டில் போட்டு, பதினோராவது வருடம் வேருலமில் சின்ன வீடு வாங்கிக்கொண்டு சாவியைத் திருப்பித் தந்தாள். அன்றைக்கு அவள் கொண்டுவந்த பர்பி டப்பா இன்னும் என் வீட்டில் இருக்கிறது, அதில்தான் கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.

காத்திருக்க வேண்டியிருக்கும், அதைத் தெரிந்துகொண்டு எழுதிப்போடுங்கள். வீடு கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. ஒரே இடத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காமல், அங்கீகாரம் பெற்ற எல்லா நிறுவனங்களிலும் போடுங்கள். போன் நம்பர் மாறினால் மறக்காமல் போய்ச் சொல்லுங்கள். "உங்களுக்கு வீடு வந்தது, கூப்பிட்டோம், நம்பர் வேலை செய்யவில்லை" என்று நான் சொல்ல நேர்ந்த நாட்கள் என் வேலையிலேயே மோசமான நாட்கள்.

கேள்வி: ஒருவர் 3,000 ராண்ட் கொடுத்தால் பட்டியலில் என் பெயரை மேலே கொண்டுவருவதாகச் சொல்கிறார். அலுவலகத்தில் ஆள் தெரியுமாம். கொடுக்கலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி, ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். அவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை, கோயில் கமிட்டியில் இருக்கிறார் என்றெல்லாம் சொல்வார்கள். எங்கள் கவுன்ட்டருக்கு ஒரு பாட்டி வந்தார். கையில் ரசீது, அதில் எங்கள் நிறுவனத்தின் பெயர், கீழே யாரோ போட்ட கையெழுத்து. வளையலை விற்று 5,000 கட்டியிருக்கிறார். அப்படி ஒரு ரசீதே எங்களிடம் கிடையாது என்று நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. உட்கார நாற்காலி கொடுத்தேன். அவர் உட்காரவில்லை, நின்றபடியே அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பணம் எப்போது கைமாறும் என்றால், வீடு உங்களுக்கு என்று முடிவாகி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது. டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் நேரே கட்ட வேண்டும். அதற்குமுன் கேட்கிறவன் திருடன். பெயர், நம்பர், அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்திடமும் போலீஸிலும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அடுத்த பாட்டியின் வளையல் தப்பும்.

கேள்வி: ஆறு வருடம் இருந்த அவுட்பில்டிங்கைக் காலி செய்தோம். வீட்டுச் சொந்தக்காரர் டெபாசிட்டைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை.
– வாசகி, மெரிபேங்க்

பதில்: வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம் அவுட்பில்டிங்குக்கும் பொருந்தும். டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட்டு வைக்க வேண்டியது வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. காலி செய்வதற்கு முன் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். சேதம் ஏதும் இல்லையென்றால் 7 நாளில் வட்டியோடு தர வேண்டும். பழுது பார்த்துக் கழித்துக்கொள்வதானால், வேலை முடிந்த 14 நாளில் மீதியைத் தந்து ரசீதுகளையும் காட்ட வேண்டும். அவர் பார்க்கவே வரவில்லை என்றால், வீடு நல்ல நிலையில் இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். டர்பனில் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. வாடகை கட்டிய ஆதாரம் எதுவானாலும் கொண்டுபோங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் ஃபிளாட்டுக்குக் குடி போகிறோம். மூன்றாவது மாடி. சுற்றிலும் ஜூலு குடும்பங்கள், கலர்ட் என்கிற கலப்பினக் குடும்பங்கள். என் அம்மாவுக்கு ஒரே பயம். சாயங்காலம் விளக்கேற்றலாமா, ஆடி மாதம் கூழ் காய்ச்சலாமா, சாம்பிராணி போட்டால் புகார் கொடுப்பார்களா என்று தினமும் கேட்கிறார்.
– வாசகி, சிட்னம்

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

விளக்கு தாராளமாக ஏற்றலாம். உங்கள் வீட்டுக்குள் உங்கள் சாமி. வீட்டு விதிகள் என்று ஒரு காகிதம் தருவார்கள், அதைக் கையெழுத்துக்கு முன் உட்கார்ந்து படியுங்கள். நடைபாதையில் அடுப்பு மூட்டக் கூடாது, படிக்கட்டை அடைக்கக் கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதுபோல இருக்கும். ஆகவே கூழ் காய்ச்சும் அண்டாவை வாசலில் வைக்க முடியாது. எங்கள் கட்டடத்தில் என்ன செய்தோம் என்றால், ஆடி வெள்ளியன்று கீழே துணி காயப்போடும் இடத்தை மேலாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கினோம். முதல் வருடம் நாலு வீட்டு ஆட்கள் மட்டும் வந்தார்கள். எதிர் பிளாக்கில் இருந்த ஒரு ஜூலு அம்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், மெதுவாக வந்து கூழை எட்டிப் பார்த்துவிட்டு "இது எங்கள் அமஹேவு போல இருக்கிறதே" என்றார். அவர்கள் சோளமாவைப் புளிக்க வைத்துக் குடிப்பது அது. ஒரு டம்ளர் கொடுத்தோம். அடுத்த வருடம் அவரே சோளமாவு ஒரு பை கொண்டுவந்து அண்டா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லா நாளும் இப்படி இருக்காது. மாடியிலிருந்து தண்ணி கொட்டியதற்குச் சண்டை வரும், பார்க்கிங் சண்டை வரும். சனிக்கிழமை பாட்டுச் சத்தத்துக்கு நானே எத்தனை தடவை மாடியேறிப் போயிருக்கிறேன். ஆனால் தனித்தனிப் பேட்டையாகப் பிரித்து வைத்து வளர்த்த நாட்டில், இந்தக் குடியிருப்புகளில்தான் பிள்ளைகள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், முதல் வாரம் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு வடை கொடுத்தனுப்பட்டும். கொஞ்சம் காரம் குறைத்து.

கேள்வி: லாபம் வேண்டாம் என்கிறீர்கள், அரசு மானியமும் வருகிறது. பிறகு ஏன் வாடகை கேட்கிறீர்கள்? ஏன் வருடாவருடம் ஏற்றுகிறீர்கள்? ஏன் இன்னும் நிறையக் கட்டவில்லை?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கோபமான கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. கவுன்ட்டரில் இதைக் கேட்டவர்களுக்கு ஒரு தாளை எடுத்து எழுதியே காட்டுவேன்.

மானியம் கட்டும்போது ஒரே ஒரு முறைதான் வரும். அதுவும் முழுச் செலவுக்கு எட்டாது. மீதியைக் கடன் வாங்குகிறோம். தேசிய வீட்டு நிதிக் கழகம் போன்ற இடங்களில் வாங்கும் அந்தக் கடனை வட்டியோடு பல வருடம் கட்ட வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு மாதாமாதம் கை நீட்ட வேறு இடம் கிடையாது. மாநகராட்சி வரி, பொது விளக்கு, தண்ணி, காவலாளி சம்பளம், இன்ஷூரன்ஸ், குப்பை, பெயின்ட், உடைந்த குழாய், கூரை ஒழுகல், கடன் தவணை, என்னைப் போன்ற ஊழியர் சம்பளம், எல்லாமே வாடகையிலிருந்துதான். எதுவும் மிஞ்சினால் பங்குதாரர் என்று யாரும் பிரித்துக்கொள்ள முடியாது, அது மறுபடி அந்தக் கட்டடத்துக்கோ அடுத்த கட்டடத்துக்கோதான் போகும். லாபநோக்கம் இல்லை என்பதற்கு அர்த்தம் இது. செலவில்லை என்று அர்த்தம் ஆகிவிடாது.

வாடகை நின்றால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தேன். ஒரு கட்டடத்தில் சிலர் "அரசாங்கம் கட்டியது, எதற்கு வாடகை" என்று கிளப்பிவிட, பாதிப் பேர் கட்டுவதை நிறுத்தினார்கள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் இரவுக் காவலாளியைக் குறைத்தோம். ஐந்தாவது மாதம் மோட்டார் பழுதாகி மேல்மாடிக்குத் தண்ணி ஏறவில்லை, ரிப்பேருக்குப் பணமில்லை. வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறியவர்களில் ஒழுங்காக வாடகை கட்டிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தாள். அந்தப் படிக்கட்டில் அவளுடைய வாளியை வாங்கிக்கொண்டு நானும் ஏறினேன். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கமும் தப்பு இருந்தது. கணக்கை யாருக்கும் காட்டாமல் "வாடகை ஏறுகிறது" என்று ஒரு தாளைக் கதவடியில் செருகிவிட்டுப் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பிறகு, ஒவ்வொரு 100 ராண்டும் எங்கே போகிறது என்று கூட்டம் போட்டுக் காட்ட ஆரம்பித்தோம். கூட்டம் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் நடக்கும், வயதான நம் ஆட்களுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். உங்கள் குடியிருப்பில் இப்படிக் காட்டவில்லை என்றால் கேளுங்கள். கேட்க வேண்டியது உங்கள் உரிமை.

நிறையக் கட்டாததற்குக் காரணம், நகரத்துக்குள் நிலம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அரசிடமும் மாநகராட்சியிடமும் சும்மா கிடக்கும் நிலம் இருக்கிறது. அதை நல்ல விலைக்குத் தனியாரிடம் விற்பதா, குறைந்த விலைக்கு இப்படிப்பட்ட வீடுகளுக்குத் தருவதா என்ற இழுபறியில் வருடங்கள் போய்விடுகின்றன. உங்கள் கோபத்தில் பாதியை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

கேள்வி: அக்கா, இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் மார்ச் மாதம் தவறிவிட்டார். சோஷியல் ஹவுசிங் ஃபிளாட்டில்தான் இருக்கிறோம், ஒப்பந்தம் அவர் பெயரில். வாடகை 2,900. இரண்டு மாதம் கட்டவில்லை. கடிதம் வந்திருக்கிறது. ஆபீஸ் பக்கம் போகவே கால் வரவில்லை. மகன் "ராத்திரியோடு ராத்திரியாகச் சாமானை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போய்விடலாம்" என்கிறான்.
– வாசகி, டர்பன்

பதில்: அம்மா, போகாதீர்கள். ராத்திரியோடு போனால் வீடும் போகும், டெபாசிட்டும் போகும், பாக்கி மட்டும் உங்கள் பின்னாலேயே வரும்.

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் உங்களை வெளியே தள்ளும் உத்தரவு இல்லை. இந்த நாட்டின் அரசியல் சட்டம், 26-ஆம் பிரிவு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. வீட்டைவிட்டு வெளியேற்றுவது பற்றி 1998-இல் வந்த சட்டம், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா, பிள்ளைகள் இருக்கிறார்களா, பெண் தலைமையில் நடக்கும் குடும்பமா என்றெல்லாம் நீதிபதி பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. பூட்டை மாற்றுவதும் கரண்டை வெட்டுவதும் அவர்களால் முடியாது. 1999-லும் 2000-லும் சாட்ஸ்வர்த் ஃபிளாட்டுகளில் வாடகை பாக்கிக்காகச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டபோது, பெண்கள் வாசலில் உட்கார்ந்து மறித்தார்கள். பேராசிரியர் ஃபாத்திமா மீர் அவர்களோடு நின்றார். அந்தப் போராட்டங்களில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். நீங்கள் பயந்து ஓட வேண்டியவர் இல்லை.

அடுத்து, பணம். உங்கள் வீட்டுக்காரர் சம்பளத்தில் யூஐஎஃப், அதாவது வேலையின்மைக் காப்பீட்டு நிதி, பிடித்திருப்பார்கள். அவர் இறந்த பிறகு மனைவிக்கு அதில் உரிமை உண்டு, 18 மாதத்துக்குள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனியில் பிராவிடன்ட் ஃபண்ட் இருந்ததா என்றும் கேளுங்கள். இந்த இரண்டையும் கேட்காமலேயே விட்ட விதவைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். சாவு வீட்டில் காரியம் முடிந்து பதினாறு நாள் வரை எல்லோரும் இருப்பார்கள், பதினேழாம் நாள் இந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பாக்கி 5,800. வாடகையோடு மாதம் 500 கூடக் கட்டினால் பன்னிரண்டு மாதத்தில் அடைந்துவிடும். இதை ஒரு தாளில் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். 500 முடியாது, 300-தான் முடியும் என்றால் 300 என்று எழுதுங்கள். முடியாததை எழுதிக் கொடுத்து மறுமாதமே தவறுவதைவிட அது மேல். கையில் 200 ராண்ட் இருந்தால் அன்றைக்கே கட்டி ரசீது வாங்குங்கள். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை மூன்றையும் கொடுத்து, ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வருமானம் குறைந்துவிட்டது, குடியிருப்பில் வாடகை குறைந்த சின்ன வீடு காலியானால் மாற்றித் தர முடியுமா என்றும் கேளுங்கள். நாங்கள் அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும், இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு வீட்டுக்கு மூன்று மாத பாக்கி. நான் கதவைத் தட்டவில்லை. கடிதத்தின் மேல் கடிதமாக அனுப்பினேன். நாலாவது கடிதத்துக்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், அந்த மனிதர் ஆறு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று. என் கடிதங்கள் கதவுக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் திரும்பி வந்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் பெரிய மனசு, பரவாயில்லை என்றார். அன்றிலிருந்து இரண்டாவது கடிதத்துக்கு முன் கதவைத் தட்டாமல் நான் இருந்ததில்லை. உங்கள் கதவை இன்னும் யாரும் தட்டவில்லை போலிருக்கிறது. ஆகவே நீங்கள் போய் அவர்கள் கதவைத் தட்டுங்கள். இரண்டு மாதத்தில் வந்து சொன்னவர்களுக்கு வழி கண்டுபிடிக்க முடிந்தது. எட்டு மாதம் ஒளிந்திருந்தவர்களுக்கு என்னாலும் முடியவில்லை.

மாதக் கடைசியில் கூட்டம் அலைமோதும். மாத நடுவில், காலையிலேயே போங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவனும் பேசட்டும். அழுகை வந்தால் அடக்க வேண்டாம், அந்த மேசைக்குப் பின்னால் டிஷ்யூ பெட்டி எப்போதும் இருக்கும். பேசி முடிந்ததும் அவர்கள் ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கி, உங்கள் வீட்டுக்காரர் படத்துக்குக் கீழே பத்திரமாக வையுங்கள். பிறகு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், இதழ் முகவரிக்கே போதும். நான் காத்திருப்பேன்.